பில் ரோலில் ஒரு ரயில் பாதை: கலிஃபோர்னியா செஃபிரின் தடத்தில்

80 மில்லிமீட்டர் அகலம், 17 மீட்டர் நீளம். கடையில் பில் போடும் மெஷினுக்குள் ஒரு காகிதச் சுருள் இருக்குமே, அதுதான். சிகாகோவிலிருந்து ஓக்லண்ட் வரை ஒரு ரயில் பாதையை அதில் முழுசாக வரைந்து, ஷூ பெட்டிக்குள் உருட்டி மாட்டி, அதை மடியில் வைத்துக்கொண்டு சென்ற ஜூனில் நானும் என் 13 வயது மகளும் கிளம்பினோம். பாதையின் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டோம். பட்டையை எப்படிச் செய்தோம், எங்கே தப்பு வந்தது, வழியில் என்ன பார்த்தோம் என்பதை மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் தேடிப் போன ரயில் கலிஃபோர்னியா செஃபிர். 1949 மார்ச் 20 அன்று ஓடத் தொடங்கி, 1970 மார்ச் 22 அன்று நின்றுபோனது. ஒரு ரயில், ஆனால் மூன்று கம்பெனிகள். சிகாகோவிலிருந்து டென்வர் வரை பர்லிங்டன், டென்வரிலிருந்து சால்ட் லேக் சிட்டி வரை ரியோ கிராண்டே, அங்கிருந்து கடற்கரை வரை வெஸ்டர்ன் பசிபிக். பெட்டிகள் எல்லாம் ஃபிலடெல்ஃபியாவின் பட் கம்பெனி கட்டியவை. நம் வீட்டுச் சொல்லில் சொன்னால் எவர்சில்வர் ரயில். எவர்சில்வரைச் சாதாரணமாக வெல்டிங் செய்தால் சூடு பரவி, ஒட்டின இடத்தைச் சுற்றி உலோகத்தின் குணமே கெட்டுவிடும், அப்புறம் அங்கே துரு பிடிக்கும். அதனால் கண நேரத்துக்கு மட்டும் மின்சாரத்தைப் பாய்ச்சி ஒட்டும் முறை ஒன்றை பட் கம்பெனி உருவாக்கியது. 1934இல் பர்லிங்டனுக்காக அவர்கள் கட்டிய முதல் செஃபிர் ரயில் அந்த முறையில் உருவானதுதான். 15 வருஷம் கழித்து வந்த இந்த ரயிலில் ஒவ்வொரு பெட்டியின் பெயரும் 'சில்வர்' என்றே தொடங்கும். ஒரு ரயிலுக்கு 5 பெட்டிகளின் கூரைமேல் கண்ணாடிக் கூண்டு இருக்கும், விஸ்டா டோம் என்பார்கள். கூண்டுக்கு 24 இருக்கைகள்.

கால அட்டவணையே கண்ணுக்காகப் போட்டதுதான். சிகாகோவில் பிற்பகல் ஏறினால் சமவெளி இரவில் கழிந்துவிடும். மறுநாள் முழுக்க ராக்கி மலை. நெவாடா பாலைவனம் தூக்கத்தில் போய்விடும். மூன்றாம் நாள் பகலில் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. செஃபிரெட் என்ற பணிப்பெண் ஒலிபெருக்கியில், இப்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், என்ன வருகிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் குரல் இப்போது இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தப் பட்டை.

இதே பெயரில் இன்றும், அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் ரயில் ஒன்று ஓடுகிறது. ஆனால் பாதை முழுசாக அதே பாதை இல்லை. நெவாடாவின் வின்னமக்கா வரை ஏறக்குறைய பழைய தடம்தான். அங்கிருந்து அது ரீனோ வழியாக டானர் கணவாய் ஏறிப் போய்விடுகிறது. பழைய ரயில் வடக்கே விலகி, பாலைவன ஓரமாகச் சுற்றி, பெக்வொர்த் கணவாய் வழியாக ஃபெதர் ஆற்றோடு இறங்கியது. அந்தத் தடத்தில் இன்று பயணிகள் ரயில் கிடையாது, யூனியன் பசிபிக்கின் சரக்கு ரயில்கள்தான் ஓடுகின்றன. ஆகவே ரீனோ வரை ரயில், அதற்கப்புறம் வாடகைக் காரில் 70ஆம் எண் நெடுஞ்சாலை என்று திட்டம் போட்டோம். வின்னமக்காவுக்கும் பெக்வொர்த்துக்கும் நடுவே உள்ள பாலைவனத் துண்டை இந்த முறை விட்டுவிட்டோம்.

சரி, பட்டைக்கு வருகிறேன்.

முதலில் வாங்கியது தெர்மல் காகிதம். கடை பில்லுக்கு இப்போது எல்லா இடத்திலும் அதுதான் என்பதால் வேறு யோசனையே வரவில்லை. டென்வரிலிருந்து யூட்டா வரை பென்சிலில் வரைந்து, மசியால் மேலெழுதி, சுருக்கம் போகட்டும் என்று மெல்லிய துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்தேன். துணியை எடுத்துப் பார்த்தால் ஒரு முழ நீளத்துக்குக் காகிதம் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. சூடு பட்டுக் கறுப்பதுதான் அந்தக் காகிதத்தின் வேலையே. மெஷின் அதில் எழுதுவதே அப்படித்தான். இஸ்திரி போடாமல் இருந்திருந்தாலும் ஜூன் வெயிலில் நிற்கும் காருக்குள் அது தாங்கியிருக்காது. மூன்று வார ராத்திரி வேலை போனது. இதைச் செய்ய நினைப்பவர்கள் மேற்பூச்சு இல்லாத சாதாரணக் காகிதச் சுருளைக் கேட்டு வாங்குங்கள். நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல், வேண்டாம்.

இரண்டாவது தப்பு திசையில். எழுதும் பழக்கத்தில் இடமிருந்து வலமாக வரைய ஆரம்பித்தேன். ரயிலோ மேற்கே போகிறது. ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கும்போது ஆறு எனக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஒவ்வொரு முறையும் மனதுக்குள் திருப்பிப் போட வேண்டியிருந்தது. மகள்தான், "அப்பா, ரயில் போற பக்கம் மேல இருக்கணும்," என்றாள். அதுதான் சரி. கீழிருந்து மேலே போகும்படி வரைந்தால் பட்டையின் இடது ஓரம் ரயிலின் இடது ஜன்னல், வலது ஓரம் வலது ஜன்னல். யோசிக்கவே வேண்டாம். நடுவில் தடித்த கோடு தண்டவாளம். நீலம் ஆறு, பழுப்பு சாலை, குகைக்குக் கறுப்புக் கட்டம். அளவு, டென்வருக்கு மேற்கே ஒரு மைலுக்கு ஒரு சென்டிமீட்டர். இரவில் கடக்கும் சிகாகோ–டென்வர் 1,034 மைலுக்கு மட்டும் மைலுக்கு 2 மில்லிமீட்டர். சால்ட் லேக் வரை 570 மைல், அதற்கு மேல் கடற்கரை வரை 900 சொச்சம். எல்லாம் கூட்டினால் 17 மீட்டர்.

வரைய உதவியவை இரண்டு. 1950களின் பொதுக் கால அட்டவணை ஒன்றின் மறுபதிப்பு. அப்புறம் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பழைய நில வரைபடங்கள். இந்த வரைபடங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பழைய பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். புதியதில் தண்டவாளம் இன்றைய இடத்தில் இருக்கும், நமக்கு வேண்டியது அன்றைய இடம். இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எங்கெங்கே பாதை நகர்ந்திருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். அப்படி நகர்ந்த இடங்களைச் சிவப்புப் புள்ளிக் கோட்டில் போட்டேன்.

பெட்டி சுலபம். ஷூ பெட்டியின் மூடியில் 80 மி.மீ. அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டி, மேலும் கீழும் 12 மி.மீ. தடிமனில் இரண்டு மரக்குச்சிகளைப் பக்கவாட்டுத் துளைகளில் செருகினேன். குச்சி வழுக்காமல் இருக்கத் துளைக்குள் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரயில் குலுங்கும்போது சுருள் தானாகப் பிரிந்துவிடும்.

சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் ஏறினோம். முதல் இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மிசிசிப்பியை பர்லிங்டன் ஊரில் தாண்டினோம், புளியோதரை சாப்பிட்டோம், நெப்ராஸ்கா முழுக்கத் தூங்கினோம். டென்வரிலிருந்துதான் பெட்டியைத் திறந்தோம்.

டென்வரில் மைல் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ரயில் 2 சதவீத ஏற்றத்தில் மலை மேல் ஏறுகிறது. பிக் டென் என்ற பெரிய வளைவில் தண்டவாளத்தின் ஓரத்தில் பழைய சரக்குப் பெட்டிகள் வரிசையாக அசையாமல் நின்றிருந்தன. மலையிலிருந்து இறங்கும் காற்று இங்கே ரயிலையே கவிழ்த்திருக்கிறது. அதனால் பெட்டிகளில் மண்ணை நிரப்பி, காற்றுக்குத் தடுப்புச் சுவராக நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். பட்டையில் "இடது, வலது இரண்டும்" என்று குறித்திருந்தேன். வளைவில் ரயில் திரும்பத் திரும்ப டென்வர் சமவெளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுகிறது.

அப்புறம் குகைகள், ஒன்றன்பின் ஒன்றாக. கடைசியில் மொஃபாட் குகை. 6.2 மைல் நீளம், 1928இல் திறந்தது. உள்ளே உச்சி 9,239 அடி. இது வருவதற்கு முன்னால் ரயில்கள் 11,600 அடிக்கும் மேலே மலையின் முதுகில் ஏறி இறங்கின, பனிக்காலத்தில் மாட்டிக்கொண்டன. டீசல் புகை உள்ளே வராமல் இருக்க, பெட்டிக்குப் பெட்டி நடக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். சுமார் பத்து நிமிட இருட்டு. என் போனில் ஓடிக்கொண்டிருந்த ஜிபிஎஸ் பதிவு உள்ளே நுழைந்ததும் செத்துப்போனது. மறுமுனையில் உயிர் வந்ததும் இரண்டு புள்ளிகளையும் ஒரே நேர்கோட்டால் இணைத்துவிட்டது. குகையும் நேர்கோடுதான், அதனால் அந்தப் பதிவைத் திருத்தவே தேவைப்படவில்லை.

இனி வருவதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம். கொலராடோ ஆற்றோடு இறங்கி, கோர் பள்ளத்தாக்கைத் தாண்டினால் பாண்ட் என்ற சிற்றூர். அதை ஒட்டிய சந்திப்புக்கு ஓரெஸ்டாட் என்று பெயர். அங்கிருந்து 38 மைல் தெற்கே டாட்சீரோ. டாட்சீரோவின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ஓரெஸ்டாட். இரண்டையும் இணைத்து 1934இல் திறந்ததுதான் டாட்சீரோ குறுக்குப் பாதை.

மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தண்டவாள ஓரத்து மைல் கம்பங்களைப் படித்துச் சொல்ல, நான் சுருளை நகர்த்திக்கொண்டிருந்தேன். 163, 164, 165 என்று ஒழுங்காக வந்தது. டாட்சீரோவில் ஈகிள் ஆறு வந்து சேரும் இடத்தைப் பார்க்க நான் தலையைத் திருப்பினேன். "அப்பா, நம்பர் தாவிடுச்சு," என்றாள். "என்ன தாவிடுச்சு?" "இப்ப 343ன்னு போகுதுப்பா." தப்பாகப் படித்திருப்பாள் என்று நானே பார்த்தேன். அடுத்த கம்பம் 344. என் பட்டையில் அந்த இடத்துக்கு 169 என்று எழுதியிருந்தது.

கணக்கைப் பிடிக்கச் சற்று நேரம் ஆனது. குறுக்குப் பாதை வருவதற்கு முன்னால் ரியோ கிராண்டேயின் பிரதானப் பாதை டென்வரிலிருந்து தெற்கே ப்யூப்ளோ போய்ச் சுற்றிக்கொண்டு டாட்சீரோவுக்கு வந்தது. அந்தச் சுற்றுவழியில் அளந்தால் டாட்சீரோ 342ஆவது மைல். மொஃபாட் குகை வழியாக வந்தால் 167. புதுப் பாதை திறந்த பிறகும் மேற்கே நட்ட கம்பங்களை யாரும் மாற்றவில்லை. 342இல் 167 போனால் 175. குறுக்குப் பாதையால் மிச்சமான தூரம் 175 மைல் என்று நான் படித்து, பட்டையின் ஓரத்திலேயே எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அந்த எண் கண்ணெதிரே இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவில் நிற்கும் என்று தோன்றவே இல்லை. "இனிமே எல்லாத்துலயும் 175 கூட்டிக்கோங்கப்பா," என்று சொல்லிவிட்டு அவள் சிவப்புப் பென்சிலை எடுத்து சால்ட் லேக் வரை ஒவ்வொரு மைலாகத் திருத்தத் தொடங்கினாள். க்ளென்வுட் ஸ்ப்ரிங்ஸ் 185 என்று இருந்தது 360 ஆனது. கிராண்ட் ஜங்ஷன் வருவதற்குள் முடித்துவிட்டாள்.

அவள் திருத்திக்கொண்டிருந்தபோதே க்ளென்வுட் பள்ளத்தாக்கு வந்துவிட்டது. கண்ணாடிக் கூண்டு என்ற யோசனை பிறந்தது இங்கேதான். 1944இல் ஜெனரல் மோட்டார்ஸின் இன்ஜின் பிரிவைச் சேர்ந்த சைரஸ் ஆஸ்பார்ன் ஒரு சரக்கு ரயில் இன்ஜினில் உட்கார்ந்து இந்த வழியாகப் போனார். முன்னாலும் பக்கவாட்டிலும் மேலேயும் பாறை தெரிவதைப் பார்த்து, பயணிக்கும் இது கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். மறுவருஷமே பர்லிங்டன் ஒரு பெட்டியில் செய்து பார்த்தது. அதன் நினைவாக இங்கே நின்ற, அந்த ரயில் பெட்டியின் சின்ன உலோக மாதிரி, நெடுஞ்சாலை வேலையால் இடம் மாறி, இப்போது கோல்டன் நகரின் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாங்கள் உட்கார்ந்திருந்த லவுஞ்ச் பெட்டியில் கண்ணாடி கூரை வரை வளைந்து போகிறது, பக்கவாட்டுப் பாறை நன்றாகத் தெரிகிறது. முன்னால் வரப்போகும் வளைவு தெரியாது. கூண்டில் அது தெரியும், ரயில் தன் தலையைத் திருப்புவதை வால் பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

ரூபி பள்ளத்தாக்கில் பாறைச் சுவரில் கோடு போட்டு, ஒரு பக்கம் கொலராடோ, மறுபக்கம் யூட்டா என்று எழுதியிருப்பது வலப்பக்கமா இடப்பக்கமா என்பதில் பட்டை சரியாகவே சொன்னது. அதன்பிறகு வெளிச்சம் குறையத் தொடங்கியது. 7,440 அடி உயர சோல்ஜர் சம்மிட்டை இருட்டில் தாண்டினோம். அதற்குக் கீழே திசில் என்ற ஊர் இருந்த இடத்தில் என் முதல் சிவப்புப் புள்ளிக் கோடு. 1983 ஏப்ரலில் மலைச்சரிவு ஒன்று ஆற்றை அடைத்து, தேங்கிய தண்ணீரில் ஊரும் பழைய தண்டவாளமும் மூழ்கின. மலையில் புதுக் குகை குடைந்து அந்த ஜூலையிலேயே ரயில் விட்டார்கள். ஆம்ட்ராக்கின் செஃபிர் இந்தப் பாதைக்கு வந்ததும் அதே மாதம்தான். ஜன்னலில் எங்கள் முகம்தான் தெரிந்தது. ஆனாலும் அந்த இடத்தில் சுருளை நிறுத்தி வைத்திருந்தோம்.

மறுநாள் காலை ரீனோவில் இறங்கி, காரை எடுத்து வடக்கே போய் 70ஆம் நெடுஞ்சாலையில் திரும்பினோம். இங்கே மைல் கணக்கு இன்னொரு மாதிரி. வெஸ்டர்ன் பசிபிக் சான் பிரான்சிஸ்கோவைப் பூஜ்யமாக வைத்து அளந்தது. ஆகவே போர்ட்டோலாவில் 320க்கு மேல் இருக்கும் எண், மேற்கே போகப் போகக் குறைகிறது. இதை முன்பே சரிபார்த்திருந்தேன்.

போர்ட்டோலாவில் வெஸ்டர்ன் பசிபிக்கின் பழைய டீசல் பணிமனையே இப்போது அருங்காட்சியகம். இந்த ரயிலை இழுத்த 805-ஏ இன்ஜின் அங்கே வெள்ளியும் ஆரஞ்சும் பூசி நிற்கிறது. மகள் இன்ஜினின் பக்கவாட்டுத் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

இந்தப் பாதையின் பெருமையே அதன் சரிவுதான். போர்ட்டோலா சுமார் 4,850 அடி. 116 மைல் கீழே ஓரோவில் 200 அடிகூட இல்லை. அவ்வளவு இறக்கத்திலும் எந்த இடத்திலும் 1 சதவீதத்துக்கு மேல் சரிவு வரக் கூடாது என்று கட்டினார்கள், அதாவது 100 அடி போனால் ஒரு அடி. அதற்காக மலை கேட்ட விலையையெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்ப்ரிங் கார்டன் அருகே வில்லியம்ஸ் லூப்பில் பாதை ஒரு மைல் நீளத்துக்கு முழு வட்டம் அடித்துத் தன் மேலேயே ஏறிக் கடக்கிறது. என் பட்டையில் இந்த இடத்தை எப்படிப் போடுவது என்று முன்பு தவித்திருக்கிறேன். நேர்ப்பட்டையில் வட்டத்துக்கு இடமில்லை. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு வட்டம் வரைந்து, வால் எங்கே, தலை எங்கே என்று அம்புக்குறி போட்டதோடு விட்டிருந்தேன். போதுமானதாக இருந்தது.

குவின்சி தாண்டி கெடி. இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் விடலாம் என்று அளந்து சொன்ன ஆர்தர் கெடியின் பெயர்தான் ஊருக்கு. 1909 நவம்பர் 1 அன்று கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் சேர்ந்தது இதன் பக்கத்தில் உள்ள ஸ்பானிஷ் க்ரீக் பாலத்தில். 1931இல் வடக்கே பீபர் வரை இன்னொரு பாதை போட்டபோது, குகை வாயிலிலிருந்தே இரண்டு உயரமான பாலங்கள் கவட்டைக் குச்சி மாதிரி பிரிந்து போகும்படி கட்டினார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தி அங்கிருந்தே பார்க்கலாம். தண்டவாளத்துக்கு இறங்க வேண்டாம், அது கம்பெனி நிலம், ரயிலும் எப்போது வரும் என்று தெரியாது. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். முதலில் தண்டவாளத்தில் ஒரு மெல்லிய கிரீச்சொலி, அப்புறம் குகைக்குள்ளிருந்து வெளிச்சம், அப்புறம் மஞ்சள் இன்ஜின்கள் மூன்று மெதுவாக வெளியே வந்து, பள்ளத்துக்கு மேலே வளைந்து போயின. கடைசிப் பெட்டி வெளியே வரும்போது இன்ஜின் மரங்களுக்குள் மறைந்து எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது.

கீழே போகப் போகக் கருகின மரங்கள். 2021இல் டிக்சி என்ற காட்டுத்தீ பற்றிக்கொண்டது இந்தப் பள்ளத்தாக்கில்தான். டோபினில் ரயில் பாலம் சாலைப் பாலத்துக்கு மேலே குறுக்கே போகிறது. புல்காவில் அதற்கு நேர்மாறு, சாலை மேலே, ரயில் கீழே. பட்டையில் இரண்டையும் ஒரே மாதிரி போட்டிருந்தேன். காரை நிறுத்திப் பார்த்துத் திருத்தினோம்.

புல்காவுக்குக் கீழே இரண்டாவது சிவப்புப் புள்ளிக் கோடு, இது நீளமானது. ஓரோவில் அணை கட்டுவதற்காக 1962இல் பாதையை மலைமேல் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அணை 770 அடி உயரம். ஆற்றோடு போன பழைய தடம் இப்போது ஏரிக்கு அடியில். வெஸ்ட் பிராஞ்ச் பாலத்தில் மேல் தட்டில் சாலை, கீழ்த் தட்டில் ரயில். அதைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, 1950களின் வரைபடத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, பிக் பெண்ட், லாஸ் ப்ளூமாஸ் என்று அதில் இருந்த பெயர்களைப் படித்தேன். கீழே அமைதியான பச்சைத் தண்ணீர், அதில் ஒரு மோட்டார் படகு. மகள் என்னிடமிருந்து பெட்டியை வாங்கி, சிவப்புப் புள்ளிகளுக்கு இரண்டு பக்கமும் நீலப் பென்சிலால் அடர்த்தியாகத் தீட்டினாள். ஆனால் ஊர்ப் பெயர்களின் மேல் பென்சில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

அன்று இருட்டுவதற்குள் ஓரோவில்லோடு நிறுத்திக்கொண்டோம். சுருளில் இன்னும் இரண்டு மீட்டர் பிரிக்காமல் இருக்கிறது: சாக்ரமென்டோ, ஸ்டாக்டன், ஆல்டமான்ட், நைல்ஸ், ஓக்லண்ட். ஸ்டாக்டனிலிருந்து வேலை நாட்களில் காலையில் சான் ஹோசே போகும் பயணிகள் ரயில் ஆல்டமான்ட் கணவாயில் பழைய வெஸ்டர்ன் பசிபிக் தடத்திலேயே ஏறி இறங்குகிறது. மகளுக்கு அடுத்த பள்ளி விடுமுறை எப்போது என்று பார்த்து வைத்திருக்கிறேன். அதற்குள் பெட்டிக்குப் புது ரப்பர் பேண்ட் மாற்ற வேண்டும், பழையது கெடியிலேயே அறுந்துவிட்டது.